யந்திரசாலையும் வாலிபரும்

நமது ஆலைகளும் பட்டறைகளும் புதுமுறையில் திருந்த வேண்டும் என்பதை மறுப்போர் இன்று எவருமில்லை. மந்திரிகள் சொல்லுகிறார்கள், வர்த்தக சங்கத்தார் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள், பாங்கிக்காரர்கள் கடன் கொடுக்கக் காத்திருப்பதாக விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் திருத்துவது யார் என்ற கேள்வி எழுந்தவுடனே பேச்சு தயங்கி நின்றுவிடுகிறது. புதிய யந்திரத்தை வாங்கி நிறுத்தினால் தொழில் தானே புதிதாகிவிடும் என்று தகப்பனார் எண்ணுகிறார். தகப்பனார் நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், மற்றவையெல்லாம் தாமாகவே நடந்துவிடும் என்று மகன் எண்ணுகிறான். இரண்டும் பிசகு என்பது நமது அபிப்பிராயம்.

வக்கீல் தொழிலில் நாம் புதிதாகப் புகுந்திருந்த காலத்தில், கோயம்புத்தூர் ஜில்லாவில் ஒரு நூற்பாலையின் வியாஜ்யத்தில் நமது சீனியருக்கு உதவியாக இருந்தோம். நிர்வாகத்தின் பக்கம் நமது கட்சி. முதலாளியின் குமாரர் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். நல்ல மூளை, நல்ல எண்ணம். வந்த வருஷத்திலேயே பெருந்தொகை கடன் வாங்கி, நூலைத் தானாகவே கோனில் சுற்றும் யந்திரம் ஒன்றைத் தருவித்தார். அறுந்த நூலின் இரு முனைகளையும் மனிதக் கையின்றிக் காற்றழுத்தத்தாலேயே இணைத்துவிடும் நேர்த்தியான யந்திரம் அது. ஆனால் ஆலைக்கு வந்த பின் அது சரியாக ஓடவில்லை. இணைப்புகள் விட்டுப்போயின, நூல் திரும்பி வந்தது. தொழிலாளர்கள் வேண்டுமென்றே கெடுக்கிறார்கள் என்று நிர்வாகம் தீர்மானித்து ஆறு பேரை வேலையினின்றும் நீக்கியது. யந்திரத்தின்மேல் தார்ப்பாய் விழுந்தது. வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அவ்வழக்கின் முடிவைப் பின்னால் சொல்லுகிறோம். இப்பொழுது நாம் கேட்பதெல்லாம் இதுதான்: பணமும் படிப்பும் ஆர்வமும் உள்ள ஒரு வாலிபர், புதியதொரு யந்திரத்துடன் வந்தும், ஒரு தொழிலைப் புதுப்பிக்க முடியாமற்போனதற்குக் காரணம் யாது?

இதற்கு விடை தேட நாம் ஜப்பான் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. ஜப்பானைப் புகழ்ந்து கூறுவது நம் நாட்டில் பழைய பழக்கம். அப்புகழ்ச்சியை மறுபடியும் பாட நமக்கு விருப்பமில்லை. அந்நாட்டு மோட்டார்க் கம்பெனி ஒன்றில், யுத்தத்தில் தோற்று, பட்டினியும் கடனுமாயிருந்த நாட்களில், நாற்பது வயதுக்குட்பட்ட இரண்டு மனிதர்கள் செய்த காரியம் நமது விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிறது என்பதாலேயே அதைக் கூறுகிறோம்.

டொயோடா குடும்பத்தின் ஆதித் தொழில் தறி. ஸாகிச்சி டொயோடா என்பவர், ஓர் இழை அறுந்தாலும் தானாகவே நின்றுவிடும் தறியைக் கண்டுபிடித்தவர். அவருடைய குமாரர் கீச்சிரோ 1929-ம் வருஷம் இங்கிலாந்துக்குச் சென்று, அத்தறியின் உரிமையைப் பிளாட் பிரதர்ஸ் என்ற பிரசித்தி பெற்ற யந்திரக் கம்பெனிக்கு ஒரு லக்ஷம் பவுனுக்கு விற்கும் உடன்படிக்கையை முடித்தார். லங்காஷயருக்குத் தறி விற்ற ஆசியாக்காரர் என்ற பெருமை ஒருபுறமிருக்க, அவர் அதோடு திருப்தியடைந்து வீட்டில் உட்காரவில்லை. தகப்பனாரின் தொழில் நன்றாக நடக்கும்பொழுதே மோட்டார் வண்டித் தொழிலில் இறங்கினார். தறிக் கம்பெனிக்குள்ளேயே 1933-ல் மோட்டார் இலாகா தோன்றியது. 1937-ல் அது தனிக் கம்பெனியாயிற்று.

1945-ல் யுத்தம் முடிந்தபொழுது கீச்சிரோ தம் ஆட்களுக்கு இட்ட கட்டளை விபரீதமாகத் தோன்றக்கூடியது. மூன்று வருஷத்துக்குள் அமெரிக்காவை எட்டிப் பிடித்தாக வேண்டும். இல்லையேல் ஜப்பானில் மோட்டார்த் தொழிலே இராது என்றார். அங்கே வேலையிலிருந்த தயீச்சி ஓனோ என்ற முப்பத்து மூன்று வயது மனிதர் இதைக் கேட்டு ஒரு கணக்குப் போட்டார். ஓர் அமெரிக்கத் தொழிலாளி செய்யும் வேலையைச் செய்ய ஒன்பது ஜப்பானியர் வேண்டும் என்று யுத்தத்துக்கு முன்பு அவர் கேள்விப்பட்டிருந்தார். அமெரிக்கனுக்கு ஒன்பது மடங்கு தேகபலமா இருக்கிறது? இராது. அப்படியானால் நாம்தான் எதையோ வீணாக்குகிறோம். அவ்வீணை ஒழித்தால் கணக்கு மாறிவிடும் என்ற முடிவுக்கு வந்தார். ஓனோ முதலாளி குடும்பத்தைச் சேர்ந்தவரல்லர். சம்பளத்துக்கு வேலை செய்தவர். மோட்டார்த் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவருமல்லர். 1932-ல் டொயோடா நூற்பாலையில் சேர்ந்து, 1943-ல்தான் மோட்டார்க் கம்பெனிக்கு மாற்றப்பட்டவர். அவர் நூற்பாலைக்காரராயிருந்ததே அனுகூலமாயிற்று. நெசவில், இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடுவதால், ஒரு பெண் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடியும். மோட்டார்ப் பட்டறையிலோ ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒருவர் காவல் நின்றுகொண்டிருந்தார். யந்திரம் இரும்பை வெட்டும் நேரமெல்லாம் அவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். இது ஏன் என்று ஓனோ கேட்டார்.

அவர் புதிதாக ஒரு யந்திரமும் வாங்கவில்லை, வாங்கப் பணமுமில்லை. இருந்த யந்திரங்களை இடம் மாற்றி வைத்தார். 1947-ல் ஒருவர் இரண்டு யந்திரங்களைப் பார்க்கும்படியும், பிறகு மூன்று நான்கைப் பார்க்கும்படியும் வரிசையை மாற்றினார். கடைசல் வேலையில் கைதேர்ந்த பழைய தொழிலாளர்கள் இதை எதிர்த்தார்கள். எதிர்த்தது இயற்கையே என்று பின்னாளில் ஓனோவே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆயுள் முழுவதும் ஒரே யந்திரத்தில் தேர்ந்தவனிடம் மற்றொன்றையும் பழகு என்றால் அவன் சந்தேகப்படாமலிருப்பானா? ஓனோ ஆறு பேரை நீக்கி வழக்குக்குப் போகவில்லை. ஒரு மூலையில் தொடங்கி, பலன் தெரிந்த பின் அடுத்த மூலைக்குப் போனார். அவசரப்படுவது வாலிபரின் குணம் என்பார்கள். இந்த மனிதர் தமது முறையைக் கம்பெனி முழுவதும் பரப்ப ஏறக்குறைய பதினைந்து வருஷம் எடுத்துக்கொண்டார்.

முன்வேலைக்காரன் செய்து குவித்துத் தள்ளுவதைப் பின்வேலைக்காரன் வாங்கிக்கொள்வது என்பதே எங்கும் உள்ள வழக்கம். ஓனோ இதைத் தலைகீழாக்கினார். அமெரிக்காவில் ஸூப்பர் மார்க்கெட் என்னும் கடையில், வாங்குவோர் தமக்கு வேண்டியதை வேண்டிய அளவுக்கு எடுத்துச் செல்ல, குறைந்த இடத்தில் மட்டுமே கடைக்காரர் மறுபடியும் சரக்கு நிரப்புகிறார் என்பதைக் கேட்டறிந்து, அதையே பட்டறையில் புகுத்தினார். பின்வேலைக்காரன் வந்து எடுத்த அளவுக்கே முன்வேலைக்காரன் செய்ய வேண்டும். எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதைக் காட்ட ஒரு சீட்டு. அதற்குக் கான்பன் என்று பெயர். காய்கறிக் கடையின் யுக்தி மோட்டார்த் தொழிலின் சாஸ்திரமாயிற்று. கிடங்கில் முடங்கிக் கிடந்த மூலதனம் விடுபட்டது என்பது அதன் லாபத்தில் பாதிதான். சரக்குக் குவியல் குறைந்தவுடன், அதன் மறைவில் ஒளிந்திருந்த பழுதுகளெல்லாம் வெளியே தெரியலாயின. அடுத்தவனுக்குப் பழுதான உறுப்பு ஒன்று போனால் வேலை அங்கேயே நின்றுவிடும். நின்றால் காரணம் கேட்டே தீரவேண்டும். ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும் என்பது ஓனோவின் விதி. தளத்தின்மேல் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இளம் இஞ்சினீயரை மணிக்கணக்காக நிற்கவைத்து, என்ன கண்டாய் என்று விசாரிப்பாராம். நமது கலாசாலைகளில் பட்டம் பெற்று வருவோரை ஒரு வாரமாவது அப்படி நிறுத்திப் பார்த்தால் என்ன என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இங்கே 1950-ம் வருஷத்தைக் குறிப்பிடாமலிருக்க முடியாது. அவ்வருஷத்தில் டொயோடா திவாலாகும் நிலைமைக்கு வந்துவிட்டது. ஆட்களைக் குறைப்பதில்லை என்று கீச்சிரோ கொடுத்திருந்த வாக்கைக் காக்க முடியவில்லை. வேலைநிறுத்தம் மூண்டது. 1,600-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியேற நேர்ந்தது. அதற்கு ஈடாகத் தாமும் வெளியேறுவதே நியாயம் என்று ஜூன் மாதம் 5-ந் தேதி கீச்சிரோ தலைமைப் பதவியைத் துறந்தார். கம்பெனியை உண்டாக்கியவரே வாசலைத் தாண்டிப் போனார். இருபது நாட்களுக்குள் கொரியா யுத்தம் மூண்டு, அமெரிக்கச் சேனைக்கு லாரிகள் வேண்டியிருந்தபடியால் கம்பெனி பிழைத்தது. அதைக் காண அவர் நெடுநாள் இருக்கவில்லை. 1952-ல், அறுபது நிரம்புமுன், காலமானார். நஷ்டம் வந்தால் தொழிலாளியை மட்டும் அனுப்பிவிட்டு, தாம் மட்டும் கமிஷனும் சம்பளமும் குறையாமல் வாங்கும் மானேஜிங் டைரக்டர்கள் உள்ள நாட்டில் இந்த ராஜிநாமாவைப் பற்றிச் சற்று யோசிக்க இடமுண்டு. 1962-ல் டொயோடாவின் நிர்வாகத்தாரும் தொழிற்சங்கத்தாரும் பரஸ்பர நம்பிக்கையை ஆதாரமாக வைத்து ஒரு கூட்டுப் பிரகடனம் செய்தார்கள். பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் பட்ட புண் ஆறின பின்னரே அது ஸாத்தியமாயிற்று.

அதே 1950-ல் கீச்சிரோவின் சிற்றப்பன் மகன் முறையான ஏஜி டொயோடா அமெரிக்கா சென்று போர்டு கம்பெனியின் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு வயது முப்பத்தாறு. போர்டு கம்பெனி நாளொன்றுக்கு ஏறத்தாழ 8,000 வண்டிகள் செய்துகொண்டிருந்தது. டொயோடா செய்தது நாற்பது. இதைக் கண்டு மயங்கி, அதே அளவில் ஒரு தொழிற்சாலை கட்டக் கடனுக்கு அலைபவன்தான் நமது நாட்டு வழக்கத்தில் முற்போக்குள்ள வாலிபன். ஏஜி அங்கிருந்து கொண்டுவந்தவற்றுள் மிகவும் பயன்பட்டது ஒரு சிறு விஷயம்: தொழிலாளர் தமக்குத் தோன்றும் சீர்திருத்தங்களை எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு. 1951-ல் அது டொயோடாவில் ஏற்பட்டது. அப்புறம் அவர் செய்த பெரிய காரியம் ஓனோவைக் காத்ததாகும். ஓனோவின் முறைகளைப் பிடிக்காத கம்பெனி உத்தியோகஸ்தர்கள் அதை வெகுநாள் வரை ‘ஓனோ முறை’ என்றே அழைத்தார்கள். டொயோடாவின் பெயரை அதற்குக் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. மேலே உட்கார்ந்திருந்த ஏஜி போன்றோர், எதிர்ப்பெல்லாம் தங்களைத் தாண்டிக் கீழே போகாதபடி பார்த்துக்கொண்டார்கள். பெரிய அழுத்து யந்திரங்களில் ஒரு அச்சை எடுத்து வேறு அச்சு மாட்ட 1940-களில் இரண்டு மூன்று மணி நேரம் பிடித்தது. 1960-களின் இறுதியில் அதே வேலை மூன்று நிமிஷத்தில் முடிந்தது. இத்தனை வருஷம் ஓனோவுக்கு அவகாசம் கொடுத்தவர்கள் மூத்தவர்களே என்பதை மறக்கலாகாது.

நமது தேசத்துச் சரித்திரமும் இவ்விஷயத்தில் வறண்டதல்ல. ஜம்ஸெட்ஜி டாடா நாகபுரியில் எம்பிரஸ் மில்லை 1877-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி திறந்தபொழுது அவருக்கு வயது முப்பத்தேழு. மில் என்றால் பம்பாய்தான் என்று எல்லாரும் நினைத்திருந்த காலத்தில் பருத்தி விளையும் இடத்திற்கே ஆலையைக் கொண்டுபோனார். மானேஜராக நியமித்த பெஸன்ஜி மேத்தா, ரயில்வேயில் சரக்கு இலாகாவிலிருந்து வந்தவர். பஞ்சு மில் வேலை அறியாதவர். முதலில் வாங்கிய மலிவான யந்திரங்கள் சரியில்லை என்று கண்டதும், போட்ட பணத்தை நினைத்து அழாமல், ஜம்ஸெட்ஜி அவற்றை மாற்றினார். லங்காஷயர் பழைய மியூல் கதிர்களையே கட்டிக்கொண்டிருந்தபொழுது, புதிதாயிருந்த ரிங் கதிர்களைத் தம் ஆலையில் சோதித்து ஏற்றார். ஆனால் நமக்கு அதிக ஆச்சரியமளிப்பது வேறு. தொழிலாளருக்கு 1886-ல் பென்ஷன் நிதியும், 1895 முதல் விபத்து நஷ்டஈடும் அவர் ஏற்படுத்தினார். தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இந்தியாவில் 1923-ல்தான் பிறந்தது. பிராவிடெண்டு பண்டுச் சட்டம் 1952-ல். சட்டம் படித்த நாம் அடிக்கடி நினைப்பதுண்டு: சட்டம் வந்து கழுத்தைப் பிடிக்குமுன் செய்கிறவனுக்கும், பிடித்த பின் செய்கிறவனுக்கும் செலவு ஒன்றுதான்; தொழிலாளியின் மனத்தில் அதற்குக் கிடைக்கும் மதிப்பு மட்டும் ஒன்றல்ல. புதிய கதிரும் பென்ஷன் நிதியும் ஒரே மூளையிலிருந்து வந்தவை. இவற்றைப் பிரித்து, முதலாவதை மட்டும் நவீனம் என்று கொள்வது நமது காலத்தின் தவறு.

இனி நம்மூருக்கு வருவோம். சென்னையை அடுத்த பாடியில் 1962-ல் ஏற்பட்ட ஸுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் மானேஜிங் டைரக்டர் பொறுப்பை 1979-ல் வேணு ஸ்ரீநிவாசன் ஏற்றபொழுது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. குடும்பச் சொத்து, ஆகவே குடும்பத்து வாலிபர் என்று சொல்லிவிடலாம். அது முழு உண்மையாகாது. டெமிங் என்ற அமெரிக்க நிபுணர் 1950-ல் ஜப்பானில் செய்த பிரசங்கங்களின் நினைவாக, தரம் பேணும் கம்பெனிகளுக்கென 1951 முதல் அந்நாட்டார் வழங்கிவரும் டெமிங் பரிசு, 1998-ல் பாடியிலுள்ள பிரேக் செய்யும் பிரிவுக்குக் கிடைத்தது. இந்தியக் கம்பெனி ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. 1979-க்கும் 1998-க்கும் இடையே பத்தொன்பது வருஷம் இருக்கிறது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பரிசு கொடுக்குமுன் ஜப்பானியப் பரீக்ஷகர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். தலைவரைக் கேட்கும் கேள்விகளோடு நில்லாமல், கம்பெனியின் பல படியிலுள்ளோரையும் விசாரிப்பார்கள். அங்கே வெள்ளையடித்த சுவரைக் காட்டித் தப்ப முடியாது. அதன் பிறகு ஐந்தாறு வருஷத்துக்குள் தமிழ் நாட்டில் வேறு பல கம்பெனிகளும் அப்பரிசைப் பெற்றன. ஒருவர் செய்து காட்டியது பலருக்குத் தைரியம் கொடுத்தது.

ஆனால் பெரிய கம்பெனிகளின் கதை சிறிய பட்டறைக்கு எம்மாத்திரம் என்று கோயம்புத்தூரிலோ அம்பத்தூரிலோ ஒரு வார்ப்பாலைக்காரர் நம்மைக் கேட்கலாம். நியாயமான கேள்வி. பம்பு வார்ப்படத்தில் காற்றுக் குமிழால் ஓட்டை விழுந்து நூற்றுக்கு இத்தனை உருப்படிகள் கழிகின்றன என்று வைத்துக்கொள்வோம். கழிந்ததை உடைத்து மறுபடி உருக்குவதால் நஷ்டமில்லை என்று பெரியவர் சொல்லுவார். உருக்கிய மின்சாரத்துக்கும், அச்சுக் கட்டிய கூலிக்கும், போன நாளுக்கும் யார் கணக்கு வைத்தார்கள்? பட்டம் பெற்று வந்த மகனோ மருமகனோ, அல்லது சம்பளத்துக்கு வந்த இளம் இஞ்சினீயரோ, எந்த அச்சில், எந்த நேரத்தில், எந்த மணலில் ஓட்டை விழுந்தது என்று மூன்று மாதம் நாள்தோறும் எழுதட்டும். மணலின் ஈரம்தான் குற்றவாளி என்று தெரியவரலாம், வேறொன்றாகவுமிருக்கலாம். அதற்கு வேண்டிய மூலதனம் ஒரு நோட்டுப் புத்தகம். இன்றைய வாலிபர்கள் யந்திரத்துக்கு யந்திரம் உணர்கருவி பொருத்தி, கம்ப்யூட்டர் திரையில் எல்லாவற்றையும் பார்க்க விரும்புகிறார்கள். அதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதும் பொறுமையில்லாதவனுக்குத் திரையில் வரும் எண்கள் என்ன சொல்லும் என்பதே சந்தேகம்.

பெரியவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. மகனுக்கு டைரக்டர் பதவி கொடுப்பார்கள். அவன் பேருக்குச் செக்குப் புத்தகம் இராது. இளம் இஞ்சினீயரை ‘உன் யோசனைகளைச் சொல்’ என்பார்கள். சொன்னால், ‘முப்பது வருஷமாக இப்படித்தான் நடக்கிறது’ என்பார்கள். ஒரு ஷெட்டையாவது, ஒரு வரிசை யந்திரத்தையாவது, இரண்டு வருஷத்துக்கு முழுதும் அவர்கள் கையில் விட்டு, நஷ்டம் வந்தால் தாம் ஏற்பதாக முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் சம்பந்தியின் மகனாயிருக்க வேண்டுமென்ற நிபந்தனையும் கூடாது. ஓனோ யாருடைய சம்பந்தி? நமது நாட்டுக் கம்பெனிகளில் குடும்பத்துக்கு வெளியே பிறந்த ஓனோக்கள் எத்தனை பேர் ராஜிநாமாக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்களோ, யார் அறிவார்?

முதலில் சொன்ன வழக்குக்குத் திரும்புவோம். அது நான்கு வருஷம் நடந்து, ராஜியில் முடிந்தது. ஆறு பேரில் நால்வர் வேலைக்குத் திரும்பினார்கள், இருவர் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பியவருள் ஒருவர் வயது முதிர்ந்த பிட்டர். விசாரணை ஒத்திவைக்கப்பட்ட ஒரு நாள், எதிர்க்கட்சி வக்கீல் என்று பாராமல், நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவர் நம்மிடம் பேச்சுக் கொடுத்தார். அந்த யந்திரம் ஏன் ஓடவில்லை என்று நாம் கேட்டோம். “காத்துக் குழாய்ல தண்ணி கலந்து வருதுங்க, வக்கீல் சார். நனைஞ்ச காத்துல நூல் முனை எப்பிடி ஒட்டுமுங்க? காத்தை உலர்த்தற மிஷின் ஒண்ணு கம்ப்ரெஸர் பக்கத்துல வெச்சா ஓடுமுங்க” என்றார். ஆலையில் இதைச் சொன்னீர்களா என்றோம். சின்ன முதலாளி தங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை என்றார். அன்று மாலையே நாம் இதை நமது சீனியரிடம் தெரிவித்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இது நமது கட்சிக்கு அனுகூலமான விஷயமல்ல என்று கூறி, அடுத்த கட்டை எடுத்துப் பிரித்தார். நாமும் அத்தோடு பேசாமலிருந்துவிட்டோம்.